தோற்பவரைப் பாருங்கள்: மல்யுத்தக் கேள்வி பதில்

கேள்வி: யார் ஜெயிக்கப் போகிறார் என்று முன்பே எழுதி வைத்துவிட்டு ஆடுகிறார்கள். அது தெரிந்தும் உங்களால் எப்படி மனம் பதறிப் பார்க்க முடிகிறது? என் கணவர் மல்யுத்தம் போட்டாலே நான் பக்கத்து அறைக்குப் போய்விடுவேன். (ஒரு வாசகி)

எழுதி வைத்ததுதான். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. 1989இல் நியூ ஜெர்சி மாநில செனட்டிடம் அமெரிக்காவின் பெரிய மல்யுத்த நிறுவனமான டபிள்யூடபிள்யூஎஃப்பே "இது பொழுதுபோக்கு" என்று ஒப்புக்கொண்டுவிட்டது. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாடுகள் தங்கள் மேல் வராமல் இருப்பதற்காக அப்படிச் சொன்னார்கள். கர்ணனின் தேர்ச்சக்கரம் புதையும் என்று தெரிந்துதானே கதை கேட்கிறோம்? தெரிந்திருந்தும் அந்த இடம் வரும்போது நெஞ்சு அடைக்கிறது இல்லையா, அதுதான் இங்கேயும் நடக்கிறது.

ஆனால் ஒன்று. முடிவை எழுதலாம், தரையை எழுத முடியாது. ரிங் என்பது இரும்புச் சட்டம், அதன் மேல் மரப்பலகை, அதன் மேல் மெல்லிசாக ஒரு நுரை விரிப்பு, அதற்கு மேல் இழுத்துக் கட்டிய கான்வாஸ். அவ்வளவுதான். அதில் மல்லாக்க விழுவதற்கு 'பம்ப்' என்று பெயர். மல்யுத்தப் பள்ளியில் தொடக்கத்திலேயே சொல்லிக் கொடுப்பது இதைத்தான். தாடையை மார்போடு ஒட்ட வேண்டும், இல்லையென்றால் பின்மண்டை தரையில் மோதும். மூச்சை வெளியே விட வேண்டும். முதுகு முழுவதும் ஒரே சமயத்தில் படும்படி விழுந்து, இரண்டு கைகளாலும் தரையை அறைய வேண்டும். ஒரு ராத்திரிக்கு இப்படிப் பத்து இருபது தடவை, வருடக் கணக்காக.

அடுத்த முறை உங்கள் கணவர் பார்க்கும்போது பத்து நிமிடம் பக்கத்தில் உட்காருங்கள். அடிப்பவரை விட்டுவிடுங்கள். அடி வாங்குபவரை மட்டும் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் எழுந்து போய்விடலாம்.

கேள்வி: எல்லாக் காலத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு ஆட்டம் சொல்லுங்கள். பட்டியல் போட்டுத் தப்பிக்கக் கூடாது.

தப்பிக்கவில்லை. பிரெட் ஹார்ட், ஸ்டீவ் ஆஸ்டின். 1997 மார்ச் 23, அந்த நிறுவனத்தின் ஆண்டுப் பெருவிழாவான ரெஸில்மேனியாவின் 13ஆம் பதிப்பு, சிகாகோவை ஒட்டிய ரோஸ்மான்ட் அரங்கம்.

எதிராளி 'போதும்' என்று ஒப்புக்கொண்டால்தான் முடியும் என்ற விதியில் நடந்த சப்மிஷன் ஆட்டம். நடுவர் கென் ஷாம்ராக். உள்ளே வரும்போது பிரெட் நல்லவர், ஆஸ்டின் வில்லன். ஆட்டம் முடிந்து இருவரும் வெளியே போகும்போது அது தலைகீழாகிவிட்டது. இதை 'டபுள் டர்ன்' என்பார்கள். மல்யுத்தத்தில் இதைவிடக் கடினமான வேலை எனக்குத் தெரிந்து இல்லை. ஒருவரை மாற்றுவதற்கே மாதக்கணக்கில் கதை சொல்வார்கள். இங்கே இருவரையும் ஒரே ஆட்டத்தில் மாற்றினார்கள்.

எப்படி என்றால், ஆஸ்டின் தோற்ற விதத்தால். பிரெட் அவரைத் தன் ஷார்ப்ஷூட்டர் பிடியில் மாட்டிவிட்டார். கால்கள் இரண்டும் பின்னலாகி முதுகுப் பக்கம் மடங்கிக் கிடக்கின்றன. ஆஸ்டினின் நெற்றியிலிருந்து ரத்தம். கேமரா கிட்டே போகிறது. அவர் கத்துகிறார், ரத்தம் மூக்கோரமாக இறங்கிப் பல்லிடுக்கில் ஓடுகிறது. கைகளைத் தரையில் ஊன்றி உடம்பை உந்தி ஒரு தடவை பிடியைக் கிட்டத்தட்ட உடைத்தே விடுகிறார். அரங்கமே எழுகிறது. பிரெட் மறுபடி இறுக்கி உட்கார்ந்துகொள்கிறார். ஆஸ்டின் கடைசி வரை 'போதும்' என்று சொல்லவில்லை. மயங்கிப் போனார், ஷாம்ராக் ஆட்டத்தை நிறுத்தினார்.

அதற்குப் பிறகு பிரெட் விட்டிருந்தால் நல்லவராகவே போயிருப்பார். விடவில்லை. கிடந்தவரின் காலை மறுபடி அடிக்கப் போனார். ஷாம்ராக் அவரைத் தூக்கி எறிந்து விலக்கினார். கூட்டம் பிரெட்டைத் திட்டி அனுப்பியது. ஆஸ்டினைத் தூக்கிவிட ஒரு நடுவர் வந்தார், அவருக்கும் ஒரு அடி. யாரும் தொடக் கூடாது. தானே எழுந்து, நொண்டி நொண்டி நடந்து போனார். தோற்றவர் பின்னால் ஒரு அரங்கமே பெயர் சொல்லிக் கூவியது.

முதல் தடவை ஜிம் ராஸின் வர்ணனையோடு பாருங்கள். இரண்டாம் தடவை சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். எனக்குப் பிடித்த ஆட்டங்களை நான் அப்படித்தான் மறுபடி பார்ப்பேன். சத்தம் இல்லாதபோது கைகள் தெரியும். வலியைக் காட்டும் உடம்பு அடுத்தவர் உடம்பை எவ்வளவு பத்திரமாகத் தாங்குகிறது என்று அப்போதுதான் கண்ணில் படும்.

கேள்வி: ஹல்க் ஹோகனா, ராண்டி சாவேஜா?

சாவேஜ். 1987 ரெஸில்மேனியா 3க்கு 93,173 பேர் வந்ததாக நிறுவனம் அறிவித்தது. அவர்கள் வந்தது ராட்சத உருவம் கொண்ட ஆன்ட்ரேயை ஹோகன் தூக்குவதைப் பார்க்க. ஹோகன் தூக்கினார், அது ஒரு படமாக மனதில் நிற்கிறது. ஆனால் அதே நாளில் சாவேஜும் ரிக்கி ஸ்டீம்போட்டும் கால் மணி நேரத்துக்கும் குறைவாக ஆடினார்களே, அதை என்னால் அடிக்கு அடி சொல்ல முடியும். சாவேஜ் அந்த ஆட்டத்தின் ஒவ்வொரு அசைவையும் முன்பே தாளில் எழுதி, ஸ்டீம்போட்டோடு சேர்ந்து மனப்பாடம் செய்தவர். பார்க்கும்போது அந்த மனப்பாடம் எங்கேயாவது தெரிகிறதா? எனக்குத் தெரியவில்லை. அத்தனை உழைப்பையும் போட்டுவிட்டு அன்றைக்குத் தோற்றதும் அவர்தான்.

கேள்வி: எனக்குப் பதின்மூன்று வயது. தம்பி மேல் பைல்டிரைவர் போட்டுப் பார்த்தேன். அம்மா டிவியை நிறுத்திவிட்டார். நீங்களாவது சொல்லுங்கள், மெத்தை மேல்தான் போட்டேன்.

தம்பி, அம்மா செய்தது சரி. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

1997 ஆகஸ்டில் சம்மர்ஸ்லாம். ஓவன் ஹார்ட் ஆஸ்டினைத் தலைகீழாகத் தூக்கி, தலையைத் தொடைகளுக்கு நடுவே வைத்தபடி தரையில் உட்காரும் அந்தப் பைல்டிரைவரைப் போட்டார். ஓவன் சாதாரண ஆளில்லை. மல்யுத்தக் குடும்பத்தில் பிறந்தவர், கைத்திறமையில் எல்லாரும் மதித்தவர். ஆஸ்டினின் தலை ஓவனின் தொடைகளுக்குக் கீழே கொஞ்சம் இறங்கியிருந்தது. அவ்வளவுதான் பிசகு. உட்கார்ந்த வேகத்தில் ஆஸ்டினின் தலை நேராகத் தரையில் மோதி, சிறிது நேரம் அவருக்குக் கை கால் அசையவில்லை. ஓவன் கூட்டத்தைப் பார்த்துப் பேசிப் பேசி நேரம் கடத்தினார். கடைசியில் ஆஸ்டின் எப்படியோ ஊர்ந்து வந்து ஓவனின் தோள்கள் தரையில் படும்படி சுருட்டிப் பிடித்தார், நடுவர் மூன்று எண்ணி முடித்தார், வெற்றி ஆஸ்டினுக்கு. அந்தப் பிடியைப் பார்த்தால் ஒரு குழந்தைகூட உதறிவிடலாம் போல இருக்கும். ஓவன் உதறவில்லை. ஆஸ்டின் மீண்டு வந்து பெரிய ஆளானார், ஆனால் அந்தக் கழுத்து அவரை விடவில்லை. 2003 ரெஸில்மேனியாவோடு முழுநேர ஆட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று.

பயிற்சி எடுத்த இருவருக்கு நடந்தது இது. உன் தம்பிக்கு விழத் தெரியாது. அவனிடம் மன்னிப்புக் கேள். அப்புறம் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பார். கேட்கிற கேள்விக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்.

கேள்வி: குந்தர் மார்பில் அறைகிறாரே, அது நிஜமா? சத்தம் மட்டும்தானா?

நிஜம். விரித்த கை வெறும் மார்பில் விழுகிறது, அதில் நடிக்க இடமே இல்லை. 2022 செப்டம்பரில் கார்டிஃப் நகரத்தில் அவர் ஷேமஸோடு ஆடியதைப் பாருங்கள். ஷேமஸ் வெள்ளைத் தோல்காரர். ஆட்டம் பாதியைத் தாண்டும்போது மார்பு முழுக்கச் சிவந்து, கன்றிப் போயிருந்தது. தோற்றது ஷேமஸ். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியதும் அவருக்குத்தான்.

கேள்வி: அண்டர்டேக்கரின் தொடர் வெற்றியை முறித்தது சரியா? பத்து வருடம் தாண்டியும் நண்பர்கள் கூட்டத்தில் சண்டை ஓயவில்லை.

தவறு என்பதே என் கட்சி. அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

ரெஸில்மேனியாவில் 21 ஆட்டம், 21 வெற்றி. 2014 ஏப்ரல் 6, நியூ ஆர்லியன்ஸ். பிராக் லெஸ்னர் தன் முத்திரை வீச்சான எஃப்-5ஐ மூன்றாம் தடவை போட்டு மேலே படுத்தார். நடுவரின் கை மூன்றாம் முறை விழுந்தது. இசைகூட உடனே வரவில்லை. திரையில் 21–1 என்று வந்தது. கேமரா கூட்டத்தைக் காட்டியபோது வாய் பிளந்து நின்றவர்களின் முகங்கள் இன்னும் எனக்கு மறக்கவில்லை. ஆட்டத்தின் நடுவே அண்டர்டேக்கருக்குத் தலையில் அடிபட்டு, அன்றிரவே மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

சரி என்று வாதிடுபவர்கள் சொல்வது இது: அந்த வெற்றியால்தான் அதே வருட சம்மர்ஸ்லாமில் லெஸ்னர் ஜான் சீனாவைப் பந்தாடியபோது அது நம்பும்படி இருந்தது. லெஸ்னர் யாரைப் பந்தாடினாலும் நம்பத்தானே போகிறோம்? அந்த உடம்பைப் பார்த்தாலே போதும். 21 வெற்றிகளின் சேமிப்பை, ஏற்கெனவே பணக்காரராக இருந்தவர் கையில் கொடுத்துவிட்டார்கள். வளர்ந்துவரும் ஒருவருக்குக் கொடுத்திருக்க வேண்டும், அல்லது யாருக்குமே கொடுக்காமல் இருந்திருக்க வேண்டும்.

அந்த மௌனத்தைப் பற்றி மட்டும் என்னிடம் குறை இல்லை. அப்படி ஒரு மௌனம் இதற்கு முன்பும் விழுந்திருக்கிறது. 1971 ஜனவரி 18, மேடிசன் ஸ்கொயர் கார்டன். 2,803 நாள் சாம்பியனாக இருந்த புரூனோ சம்மார்டினோவை இவான் கோலாஃப் வீழ்த்தினார். அரங்கத்தில் ஒரு சத்தமும் இல்லை. தன் காதில்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டதாக சம்மார்டினோ பின்னால் சொன்னார்.

கேள்வி: ஜப்பான் ஆட்டங்களை ஆகா ஓகோ என்கிறீர்கள். ஒன்று பார்த்தேன், முதல் இருபது நிமிடம் ஒன்றுமே நடக்கவில்லை. தூங்கிவிட்டேன்.

அந்த இருபது நிமிடத்தில் விதைத்ததைத்தான் கடைசிப் பத்து நிமிடத்தில் அறுப்பார்கள். பழகக் கொஞ்சம் காலம் ஆகும், அதை மறுக்கவில்லை.

கஸுச்சிகா ஒகாடா, கென்னி ஒமேகா. இவர்களின் ஆட்டங்களை வரிசையாகப் பாருங்கள், தனித்தனியாக வேண்டாம். 2017 ஜனவரி 4, டோக்கியோ டோம், 46 நிமிடம் 45 விநாடி. ஒமேகாவின் கடைசி அஸ்திரம் ஒன்-விங்டு ஏஞ்சல். அந்த ஆட்டம் முழுக்க அதைப் போட ஒகாடா விடவேயில்லை. ஒமேகா தோற்றார். அதே வருடம் ஜூனில் ஒசாகாவில் மறுபடி. இந்தத் தடவை போட்டுவிட்டார், ஆனால் ஒகாடாவின் கால் கயிற்றில் பட்டு எண்ணிக்கை நின்றது. அறுபது நிமிடமும் தீர்ந்து சமன். 2018 ஜூனில் அதே ஒசாகாவில், மூன்றில் இரண்டு வெற்றி என்ற விதியில், அதே அஸ்திரத்தால் ஒமேகா ஜெயித்தார். ஒரு பிடியைச் சுற்றியே ஒன்றரை வருடம் கதை சொன்னார்கள்.

ஒகாடாவின் கையையும் கவனியுங்கள். அவருடைய ரெயின்மேக்கர் என்பது எதிராளியின் மணிக்கட்டைப் பிடித்துச் சுழற்றி இழுத்துக் கழுத்தில் அடிப்பது. அடித்து, இருவரும் விழுந்த பிறகும் சில சமயம் அந்த மணிக்கட்டை விடமாட்டார். கிடந்த நிலையிலேயே பிடித்துக்கொண்டிருப்பார். அந்தப் பிடி தெரிந்தவுடன் கூட்டம் கொந்தளிக்கும், இன்னொன்று வரப்போகிறது என்று. அறுபது நிமிட ஆட்டத்தில் ஒமேகா அந்த அடி வருவதற்குள் களைத்துப்போய்த் தானாகவே கீழே சரிந்தார். ஒகாடாவின் கை வெறும் காற்றை அடித்தது. இதைத் தூங்காமல் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: இப்போதெல்லாம் மைக்கில் பேசியே பாதி நேரத்தை ஓட்டிவிடுகிறார்கள்.

ஒப்புக்கொள்கிறேன். ஜேக் ராபர்ட்ஸ் எல்லாரும் கத்திய காலத்தில் மெல்லப் பேசினார், கேட்பதற்காக ஜனம் வாயை மூடியது. அந்தக் கலை குறைந்துவிட்டது.

பேச்சே இல்லாத ஒரு நிமிடம் சொல்கிறேன். 2023 ஜனவரி 28, ராயல் ரம்பிள். கெவின் ஓவன்ஸைக் கயிற்றோடு விலங்கிட்டுக் கட்டியிருக்கிறார்கள். ரோமன் ரெய்ன்ஸ் ஒரு இரும்பு நாற்காலியை சாமி ஜெய்ன் கையில் கொடுத்து, உன் பழைய நண்பனை அடி என்கிறார். சாமி பல மாதம் ரோமனின் குடும்பக் கூட்டத்தின் அன்புக்காக ஏங்கித் திரிந்தவர். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். முகத்தில் எல்லாம் ஓடுகிறது. பிறகு திரும்பி ரோமனின் முதுகில் அடித்தார். அதன் பிறகு அந்தக் கூட்டம் சாமியைப் புரட்டி எடுக்கும்போது அதில் ஒருவரான ஜே உஸோ மட்டும் கை வைக்காமல், அழுகையை அடக்கிக்கொண்டு வெளியே நடந்தார்.

அடுத்த மாதம் மான்ட்ரியலில், சாமியின் சொந்த மக்கள் நடுவே, ரோமனே ஜெயித்தார். அங்கே சாமி ஜெயித்திருக்க வேண்டும். கோடி ரோட்ஸின் கதைக்காகப் பட்டத்தைக் காப்பாற்றினார்கள் என்பது புரிகிறது. ரோமனின் 1,316 நாள் ஆட்சியை 2024இல் கோடி முடித்தபோது நானும் கூவினேன். ஆனாலும் மான்ட்ரியலை நினைத்தால் ஆறவில்லை.

கேள்வி: பெண்கள் ஆட்டம் வந்தால் என் அண்ணன் 'இடைவேளை' என்று எழுந்து போகிறான். அவனுக்கு என்ன காட்டுவது?

2015 ஆகஸ்ட் 22, புரூக்ளின். சாஷா பேங்க்ஸ், பெய்லி. பெய்லிக்கு ஒரு கையில் காயம், கட்டு போட்டிருந்தார். சாஷா அவரைப் பிடியில் மாட்டிவிட்டார். பிடியிலிருந்து தப்பிக்க பெய்லி அந்தக் கையை நீட்டிக் கயிற்றைத் தொடப் போகும்போது, பிடியை விடாமலே சாஷா அந்தக் கையை மிதித்தார். கெட்டவராக ஆடுவது எப்படி என்பதற்கு அந்த ஒரு மிதி போதும். அப்புறம் அக்டோபரில் இருவரும் அரை மணி நேர அயர்ன்மேன் ஆட்டம் ஆடினார்கள். முன்வரிசையில் இருந்த பெய்லியின் குட்டி ரசிகையிடமிருந்து தலை அலங்காரத்தைப் பிடுங்கி அவளை அழவைத்தார் சாஷா. அண்ணன் எழுந்து போனால், கதவைச் சாத்திவிட்டு நீங்கள் பாருங்கள்.

கேள்வி: கிழிந்த மார்புத் தசையோடு கோடி ரோட்ஸ் ஆடியதைப் பார்த்து அழுதேன். அவரைவிட வீரர் உண்டா?

2022 ஜூன் 5. அவர் மேல்சட்டையைக் கழற்றியதும் வலது மார்பும் கையும் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தன. நானும் கலங்கினேன். அவர் துணிச்சலைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அவரை ஆட விட்டிருக்கக் கூடாது என்றுதான் நினைக்கிறேன்.

மிட்சுஹாரு மிசாவா ஜப்பானின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று. 2009 ஜூன் 13, ஹிரோஷிமா. பின்பக்கமாகத் தூக்கிப் போடும் சாதாரண சூப்ளெக்ஸ். வாழ்நாளில் எத்தனையோ தடவை வாங்கியது. அன்றைக்கு விழுந்தவர் எழவில்லை. வயது 46. கழுத்தில் வருடக்கணக்கில் சேர்ந்த சேதம் அது. அந்த நாளிலிருந்து, காயத்தோடு ஒருவர் உள்ளே வரும்போது என்னால் கைதட்ட மட்டும் முடிவதில்லை.

கேள்வி: உங்கள் வீட்டில் யாராவது உங்களோடு உட்கார்ந்து பார்ப்பார்களா?

அப்பா ஒரே ஒரு ஆட்டம் பார்த்தார். அவருக்கு இதெல்லாம் பிடிக்காது. 2010 ரெஸில்மேனியா ஓடிக்கொண்டிருந்தபோது எதற்கோ என் அறைக்கு வந்தவர், கதவோரம் நின்றுவிட்டார். அண்டர்டேக்கரும் ஷான் மைக்கேல்ஸும். ஷான் தோற்றால் ஆட்டத்தை விட்டே போக வேண்டும் என்பது பந்தயம் என்று சொன்னேன்.

கடைசிக் கட்டம். ஷான் எழ முடியாமல் கிடக்கிறார். அண்டர்டேக்கர் முடிக்கப் போய், முடிக்க மனம் வராமல், எழாதே என்கிறார். ஷான் அவர் உடம்பைப் பிடித்துக்கொண்டே ஏறி எழுந்து, கழுத்தை அறுப்பது போல் விரலை இழுத்துக் காட்டி, கன்னத்தில் ஒரு அறை விட்டார்.

"ஏன்டா அடிச்சான்? பேசாமப் படுத்திருக்கலாமே!" என்று அப்பா உள்ளே வந்துவிட்டார். அண்டர்டேக்கர் அவரைத் தலைகீழாகத் தூக்கி, எகிறிக் குதித்துத் தரையில் இறக்கினார். மூன்று எண்ணினார்கள். பிறகு அவரே ஷானைத் தூக்கி நிறுத்தி, கைகொடுத்துக் கட்டிப்பிடித்தார். அப்பா கட்டில் நுனியில் உட்கார்ந்து ஷான் மெதுவாக நடந்து போவதை முழுதும் பார்த்தார்.

மறுநாள் காலை, "அந்த ஆள் இனிமே வரமாட்டானா?" என்று கேட்டார். வரமாட்டார் அப்பா, சொன்ன சொல் என்றேன்.

2018 நவம்பரில் சவுதி அரேபியாவில் ஒரு ஜோடி ஆட்டத்துக்காக ஷான் மறுபடி உள்ளே இறங்கினார். அதை நான் அப்பாவுக்குக் காட்டவில்லை.